நாற்பத்தொன்பதரை

...நாற்பத்தொன்பதரை, அதேதான், வேறு எந்த விடையாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சிநாதன் பேசாமல் கையெழுத்துப் போட்டிருப்பான். மகள் வெண்பா நீட்டிய கணக்குத் தாளில் நூற்றுக்கு இருபத்தொன்பது, இதற்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறவள் மனைவி அமுதவள்ளி, அவள் செத்து எட்டு மாதம், இருந்திருந்தால் மகளைத் திட்டுவாளா, அணைத்துக்கொள்வாளா... அவனுக்கு இரண்டும் வரவில்லை. கண் மட்டும் ஒரு கணக்கில் நின்றது. பத்து சதவீதம் சுருங்கி நாற்பத்தைந்து சென்டிமீட்டர் ஆன கம்பி முன்பு எவ்வளவு நீளம்? நாற்பத்தைந்தில் பத்து சதவீதம் எடுத்துக் கூட்டி நாற்பத்தொன்பதரை என்று எழுதியிருந்தாள். ஐம்பது வரவேண்டும். செராமிக் கம்பெனியில் சேர்ந்த முதல் மாதம் அவன் செய்ததும் இதுதான், சூளையில் மண் பத்து சதவீதம் சுருங்கும் என்று இப்படியே கூட்டி அச்சு வெட்டச் சொல்லி, வெந்து வந்த இருநூறு மூடியும் ஜாடிக்குள்ளேயே விழுந்தன, பட்டம் வாங்கியவன் செய்த வேலை, அமுதவள்ளியிடம்கூடச் சொன்னதில்லை. மகளிடம் ஏன் சொன்னான்? "நீயாப்பா? திட்டுனாங்களா?" "திட்டுனாங்க. அப்புறம் நானே ஒக்காந்து திருப்பிப் போட்டேன்." அவ்வளவுதான் பேசினான். அவள் தப்பான கணக்குகளைத் திருப்பிப் போட நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது பெற்றோர் கூட்டம், ஏழாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் இடிக்கிறது, முன்னால் ஆட்டோ பச்சமுத்து தன் மகன் நிலவனை உலுக்கிக்கொண்டிருக்கிறார், "மண்டையில களிமண்ணுதான்டா இருக்குது, அதையும் சூளையில வச்சி எடுத்தாதான் ஒறைக்கும்!" பையன் அழுகிறான், அவன் தாளிலும் அதே நாற்பத்தொன்பதரை. வெண்பா எழுந்து போனாள், உட்கார் என்று சொல்வதற்குள். "அழுவாதடா, எங்கப்பாவே இதே கணக்குல இருநூறு மூடிய வீணாக்கிட்டாரு, அவரு காலேஜு படிச்சவரு!" வகுப்பே திரும்பி கொளஞ்சிநாதனைப் பார்த்துச் சிரித்தது, பாஞ்சாலை டீச்சரும். காது சுட்டது, வெட்கமா, இல்லையே... என்ன பெருமையாகச் சொல்கிறாள், அப்பன் மெடல் வாங்கியதுபோல! "அம்பதுல பத்து பர்சன்ட் கழிச்சிப் பாரு, நாப்பத்தஞ்சு வருதா?" நிலவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கழிக்கிறான், வருகிறது, என் மகள், என் மகள் சொல்லிக்கொடுத்து வருகிறது, நெஞ்சுக்குள் ஏதோ இளகி முட்டுகிறது, எத்தனை நாள் ஆயிற்று இப்படி.

டீச்சர் அவள் நோட்டைப் புரட்டினார். "எல்லாம் சரி. ஏழாவது கணக்கு எங்க?" பயம் அப்பனுக்குத்தான். அவள் தலை குனியவில்லை. "அது இன்னும் வர்ல டீச்சர். நாளைக்கும் போட்டுப் பாக்குறேன்." இன்னும் வரவில்லை, இவ்வளவு எளிதா அதைச் சொல்வது, எங்கே கற்றாள்...

பச்சமுத்து திரும்பினார். "பொண்ணு கெட்டிதாங்க. நீங்க எப்புடி இருக்கீங்க, இப்ப பரவால்லீங்களா?" எட்டு மாதமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே விடை, நல்லா இருக்கேங்க, வாய் அதற்குத்தான் திறந்தது, வெண்பா பார்த்துக்கொண்டிருந்தாள், "இன்னும்..." என்று வந்துவிட்டது, சற்றுமுன் மகள் சொன்ன அதே இன்னும்.