செல்லிக்குள் பாதிக் கிடா

1937ஆம் ஆண்டு ஆடி மாதத்திலிருந்து, இண்டூர் மாரப்பனின் கிடா மழையில் நனைந்தால், வீட்டுக்குள் அடுப்பருகே இருக்கும் அவன் மனைவி செல்லி உடம்பைச் சிலுப்பிக்கொள்வாள். கிடா சும்மா நனைந்துகொண்டு நிற்கும். அந்த வருடம் கேழ்வரகு விளைச்சல் சுமார்.

அதற்கு முன் செல்லி சாகக் கிடந்தாள். வெயிலில் போகாமலே ஈறும் உள்ளங்கை ரேகையும் கறுத்துப்போயின. எழுந்து நின்றால் கண் இருட்டி விழுந்தாள். களியைத் தள்ளிவிட்டு உப்பை அள்ளித் தின்றாள். உப்புப் பானை காலியானதும் உவர் பூத்த மண்சுவரை நக்கினாள். சுவர் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. அவள் பிழைக்க வேண்டும் என்று மாரப்பன் முனியப்பனுக்கு ஒரு கிடாவை நேர்ந்துவிட்டான்.

தர்மபுரியில் வைத்தியம் பார்த்த டாக்டர் ராஜாமணி, குண்டிக்காயின், அதாவது சிறுநீரகத்தின், தலைமேல் குல்லாய் மாதிரி ஒரு சுரப்பி உண்டு, இவளுக்கு அது வற்றிவிட்டது, ஆட்டுச் சுரப்பியைச் சீவித் தோலுக்கடியில் வைத்தால் பிழைத்தாலும் பிழைப்பாள் என்றார். உயிரோடு ஆடு வேண்டும் என்றதும் மாரப்பன் இருந்த ஒரே ஆட்டை ஓட்டிப் போனான். சாமி ஆடு என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. செல்லிக்காக நேர்ந்தது செல்லிக்குத்தானே போகிறது என்று நினைத்தான். டாக்டர் ஒரு பக்கத்துச் சுரப்பியை மட்டும் எடுத்து, இரு உயிரையும் தைத்து, ஒரே வண்டியில் அனுப்பிவைத்தார். வைத்த துண்டு சில வாரங்களில் கரைந்துவிடும் என்றும் எச்சரித்தார். அது கரையவில்லை. தை மாதம் செல்லி களை வெட்டப் போனாள். டாக்டர் வந்து தழும்பை அழுத்திப் பார்த்தார். உள்ளே ஏதோ அசைபோடுவது விரலுக்குத் தெரிந்தது.

நேர்த்திக்கடன் நாள் வந்தது. மஞ்சள் தண்ணீர் ஊற்றி, ஆடு சிலுப்பினால்தான் சம்மதம், அதன்பின்தான் வெட்டு. பூசாரி கிருஷ்ணப்பன் ஊற்றினார். கிடா கல்லாட்டம் நின்றது. பெண்கள் கூட்டத்தில் நின்ற செல்லி உச்சி முதல் கால் வரை சிலுப்பினாள்.

“இப்ப யார வெட்டறதுங்க?” என்று அரிவாளோடு நின்ற பச்சியப்பன் நிஜமான சந்தேகத்தில் கேட்டான்.

“வாய மூட்றா, எடுபட்டவனே!” என்றார் பூசாரி. ஆனால் அவருக்கும் தெரியவில்லை. கிடாவை வெட்டினால் செல்லிக்குள் இருப்பது சாகுமா? வெட்டாவிட்டால் முனியப்பன் செல்லியையே எடுத்துக்கொள்வானா? மாரப்பன் டாக்டரிடம் ஓடினான்.

“வெட்டினா ஒண்ணும் ஆவாதுன்னுதான் படிச்சிருக்கேன்” என்றார் டாக்டர். “ஆனா இத்தன நாள் அது உசிரோட இருக்காதுன்னும் படிச்சிருக்கேன்.”

அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருடமும் அதேதான். யுத்தம் வந்தது, மண்ணெண்ணெய் போனது, கிடாவுக்குத் தாடி வளர்ந்தது. நாற்பத்து மூன்றில் மழை பொய்த்ததும், கடன் பாக்கிதான் காரணம், சிலுப்பினாலும் சிலுப்பாவிட்டாலும் இந்த முறை வெட்டு என்று ஊர் முடிவெடுத்தது.

“எம் பொண்டாட்டி செத்தா நீங்களா வந்து களி கிண்டுவீங்க?” என்று மாரப்பன் அழுதான்.

செல்லி பூசாரி கையிலிருந்த சொம்பைப் பிடுங்கினாள். “வருசா வருசம் ஆட்டக் கேக்கறீங்க, அது என்னையக் கை காட்டுது. வாங்கிக்கறவன ஒருத்தரும் கேக்கலியேண்ணா!” முனியப்பன் சிலையின் மடியில் ஏறி, தலையில் கொட்டினாள்.

முனியப்பன் சிலுப்பினான். மீசையிலிருந்து தெறித்த தண்ணீர் பூசாரியின் விபூதியை அழித்தது.

சிலுப்பியவன் சம்மதித்தவன், அதில் பேச்சில்லை. எதற்குச் சம்மதித்தான்? ஆட்டை விடவா, ஆட்டுக்குப் பதில் தன்னை வெட்டவா? வெயில் சாயும்வரை விவாதித்தார்கள். பச்சியப்பன் அரிவாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். பிறகு பொங்கலைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அந்த வாரம் மழையும் பெய்தது, பெரிதாக ஒன்றுமில்லை.

இப்போதெல்லாம் அங்கே முதல் சொம்பு சாமிக்குத்தான். கிடா நாற்பத்தேழில் வயதாகிச் செத்தது. அன்றைக்குச் செல்லி ஒரு தும்மல் தும்மினாள்; பிறகு களி கிண்டப் போனாள்.