எல்லைப் பனைக்கு அந்தப்பக்கம்

மகாபலிபுரத்துக்குத் தெற்கே, நீலமேகத்தின் வலையில் அன்று காலை மீனோடு ஒரு பீரங்கிக் குண்டும் வந்தது. உலக யுத்தம் முடிந்து பத்து வருஷம் ஆகியும் இந்தச் சனியன் ஓயவில்லை. அப்போது பட்டாளத்துக்காரர்கள் கடலைப் பார்த்துச் சுட்டுப் பழகினார்கள். வெடித்தது போக, வெடிக்காததை எல்லாம் கடலிலேயே விட்டுவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

போன முறை நல்ல பிள்ளையாக ஸ்டேஷனில் போய்ச் சொன்னதற்கு, "சர்க்கார் சாமானை எங்கடா திருடினே?" என்று ஏட்டு அவரைப் பொழுது சாயும்வரை தரையில் உட்காரவைத்தார். அந்த மரியாதையே போதும் என்று நீலமேகம் இந்தத் தடவை குப்பத்து வழக்கப்படி செய்தார். வலையில் ஆகாதது எது வந்தாலும் எல்லைப் பனைக்கு வடக்கே, பக்கத்துக் குப்பத்துக் கடலில் தள்ளிவிடுவதுதான் அந்த வழக்கம். குண்டு அதிராமல் இருக்க, சிவப்புத் துணி சுற்றிய தன் கயிற்றால் கட்டி மெல்ல இறக்கி, கயிற்றோடு விட்டுவிட்டு வந்தார்.

வடக்குக் குப்பத்தில்தான் அவர் மகள் வச்சலா வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாசமாயிருந்த மகளைப் பார்க்க அடுத்த வாரம் போனவர், வாசலிலேயே அலறினார்.

"மாப்ள! வாணாம், கைய எடு!"

மருமகன் தாண்டவராயன் ஓங்கிய சுத்தியலோடு நிமிர்ந்தான். "இன்னா மாமா? வலையில வந்துச்சி. இந்தப் பித்தள வளையத்துக்குச் செங்கல்பட்டுல நல்ல கிராக்கி கீது."

"வெடிக்காத குண்டுடா அது!"

பக்கத்தில் மீன் அரிந்துகொண்டிருந்த வச்சலா, குண்டில் தொங்கிய சிவப்புத் துணியைப் பார்த்தாள். "இது நம்ம வூட்டுக் கவுறாச்சே. நைனா, நீதான் இங்க தள்ளினியா? பனைக்கு இந்தாண்ட கீறவங்க மனுசங்க இல்லியா?"

நீலமேகம் மருமகன் கையிலிருந்து சுத்தியலை வாங்கி வைத்தார். அக்கம்பக்கத்தாரை விலக்கி, குண்டுக்குக் காவல் வைத்துவிட்டு, தன் குப்பத்துக்கும் சொல்லியனுப்பி, இரண்டு குப்பத்து ஆட்களோடும் அதே பழைய ஸ்டேஷனுக்கு நடந்தார்.

"வடக்குக் குப்பமா? அது எங்க எல்லை இல்ல. அந்த ஸ்டேஷனுக்குப் போ" என்றார் ஏட்டு, தலையைக்கூட நிமிர்த்தாமல்.

நீலமேகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பட்டாளம் கடல்ல தள்ளிச்சு. நான் அடுத்த குப்பத்துல தள்ளினேன். நீங்க அடுத்த டேசனுக்குத் தள்றீங்க. என் பொண்ணு வூட்டு வாசல்லயே வந்து நின்னுச்சிய்யா அது! அடுத்தவன் தலையில தள்ளிவுட்டா ஆபத்து தீராது. கண்டவன்தான் அதுக்குப் பொறுப்பு. பட்டாளத்துக்குத் தந்தி அடிங்க."

இந்தத் தடவை யாரும் சொல்லாமலே அவர் தரையில் உட்கார்ந்தார். பின்னால் இரண்டு குப்பமும் உட்கார்ந்தது.