ஒன்பது மணி நேரத் தூரம்

"அனுப்ப மாட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டு, அவள் சட்டையைத் திருப்பிப் போட்டுக் காலரைத் தேய்க்க ஆரம்பித்தாள். புருஷனுக்குக் கடைசியாகப் போட்டுவிடப் போகிற சட்டை.

லிஃப்ட் மெக்கானிக் அவர். முந்தின நாள் காலையில் வேலைக்குக் கிளம்பி, ஒரு காலுக்கு சாக்ஸ் மாட்டியவர், மறு காலைத் தூக்காமலே கட்டிலில் சாய்ந்துவிட்டார். உடம்பு ஆஸ்பத்திரியில் இருந்தது.

ஸ்பீக்கரில் போட்ட போனை மகள் பிடித்துக்கொண்டிருந்தாள். பேசியது அவருடைய அண்ணன், பிறந்த ஊரிலிருந்து.

"எல்லாம் பேசியாச்சும்மா. பெட்டிக்கு விமானத்துல இடம் சொல்லியாச்சு. ஒன்பது மணி நேரந்தானே? பொறந்த மண்ணுல வைக்க வேண்டாமா?"

"இங்கேருந்து அங்க ஒன்பது மணி நேரம்னா, அங்கேருந்து இங்கயும் அதேதானே மாமா? இருபது வருஷத்துல ஒருத்தராவது எட்டிப் பாத்தீங்களா?"

மறுமுனையில், "வாயைப் பாரு" என்று யாரோ சொன்னது நன்றாகவே கேட்டது. மகள் போனை அணைக்கப் போனாள். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள்.

மாமியார் இறந்துபோனபோது அவர் ஓடிய ஓட்டம் அவளுக்குத்தான் தெரியும். கிடைத்த விமானத்தில் ஏறி, இறங்கிய கையோடு போன் போட்டு, "பக்கத்துல வந்துட்டேண்ணா, எடுத்துடாதீங்க" என்று கெஞ்சினாராம். எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தவர் அந்த ஊர்ப் பேச்சையே அதற்கப்புறம் எடுக்கவில்லை.

"நான் அவனுக்கு அண்ணன்மா. எனக்கு உரிமை இல்லையா?"

"யாரு இல்லேன்னா? கிளம்பி வாங்க. அன்னிக்கு அவருக்காக நீங்க யாரும் காத்திருக்கல. உங்களுக்காக நான் காத்திருப்பேன். ஆனா வைக்கிறது இங்கதான்."

மறுநாள் அவளைக் கரைக்காத ஆளில்லை. "அவர் எங்கக்கா வரப் போறாரு? முடிச்சிடலாம்" என்றார் கூட வேலை பார்த்த ஃபோர்மேன்.

"வரலேன்னா நாளைக்குப் பாக்கலாம். சொன்னா சொன்னதுதான்."

வெயில் சாய்கிற நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டாக்ஸி நின்றது. பெரியவர் இறங்கினார். கால் வீங்கி, ஷூவின் பின்பக்கத்தை மிதித்துக்கொண்டே நடந்து வந்தார்.

"இவ்வளவு தூரம்னு நினைக்கலம்மா" என்றார்.

இடுகாட்டுக்குக் கிளம்பிய வேனில் அவள் தன் பக்கத்து இடத்திலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இடுகாட்டில் பெட்டியைத் தூக்க, லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் நான்கு பேர் முன்னே வந்தார்கள். அதில் ஒருவரை அவள் விலகச் சொன்னாள்.

"முன்னாடி நீங்க பிடிங்க மாமா."

பெரியவர் குள்ளம். அவர் தோள் பெட்டிக்கு எட்டவில்லை. மற்ற மூன்று பேரும் முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டு நடந்தார்கள்.