சிவனேஸ்வரியின் கதிரைக்குப் பின்னால் இருந்த பெட்டி

1

இந்தக் கதை கிளிநொச்சியில் ஒரு கடையில் கிடைத்தது. போன் சார்ஜர் வாங்கப் போயிருந்தேன். அங்கே ஒருவர் ஹோம் தியேட்டர் பெட்டிகளைப் பாடவிட்டுக் கேட்காமல், நெல் மூட்டை போலத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் கட்டியது, ஆகவே என்னை முழுதாக நம்பவேண்டாம்.

அவருக்குத் தில்லைநாதன் என்று பெயர் வைத்தேன். உருத்திரபுரத்தில் வயல். கையில் முப்பத்தையாயிரம், அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை.

"ஐயா, பாட்டைப் போட்டுக் கேளுங்கோவன்," என்றான் கடையில் நின்ற தர்சன்.

"பாட்டு எல்லாத்திலையும் பாடும் தம்பி. பாரமில்லாத பெட்டிக்குள்ள என்ன கிடக்கப்போகுது?"

2

அவருக்கு எதற்கு இது? முதலில் இப்படி எழுதினேன்: "பழைய பாடல்கள் என்றால் தில்லைநாதனுக்கு உயிர், மாலை வேளைகளில் அவர்..." விட்டுவிட்டேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

விஷயம் இதுதான். அவர் மனைவி சிவனேஸ்வரிக்கு மூன்று வருடமாகக் காது கேட்பதில்லை.

(வன்னி என்றதும் ஷெல்லை நினைத்திருப்பீர்கள். இல்லை. சண்டை முடிந்து பல வருடம் அவளுக்கு நன்றாகவே கேட்டது. மகள் யதுர்ஷிகா நாயாற்றில் கடற்றொழில் செய்யும், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெடியன் டிலக்ஸனைக் கட்டிக்கொண்டு போனாள். "இனி அவளின்ர பேரே இந்த வீட்டில எடுக்கக்கூடாது" என்று இவர் கத்தினார். மறுநாளிலிருந்து சிவனேஸ்வரிக்குக் கேட்கவில்லை.)

காது டொக்டரிடம் போவோம் என்றால் அதுவும் கேட்பதில்லை. ஆனால் குசினியில் பால் பொங்கினால் ஓடுகிறாள். போனோடு கிணற்றடிக்குப் போகிறாள். கேட்காதவளுக்குப் போன் எதற்கு? சுற்றிவரச் சத்தத்தை வைத்தால் கள்ளம் வெளிப்படும் என்று தில்லைநாதன் நினைத்தார். அதே நேரம், அவளுக்கு உண்மையாகவே கேட்கக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டார். அப்படியென்றால் இந்த மூன்று வருடமும் அவள் அவரை வெறுக்கவில்லை என்றாகிவிடும்.

3

இருந்ததில் பாரமானதை வாங்கினார். பெரிய பெட்டியை டிவிக்குக் கீழே வைத்தார். சின்னப் பெட்டிகளில் மூன்றை முன்னுக்கும், இரண்டைக் கதிரைகளுக்குப் பின்னாலும் வைத்தார். சத்தத்தை முழுதாகத் திருப்பினார். யன்னல் அதிர்ந்தது. தன் கதிரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்த சிவனேஸ்வரி தலை நிமிரவில்லை. பாவி, மனிசியைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

(ஒரு முடிவு இங்கே இருக்கிறது: அவர் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறார். அது போதுமென்றால் இத்தோடு நிறுத்துங்கள்.)

4

மூன்றாம் நாள் பகல், டிவி பாடிக்கொண்டிருந்தது. வீடு கூட்டிய சிவனேஸ்வரி பின்பக்கப் பெட்டியொன்றைத் தும்புத்தடியால் தட்டினாள்.

"இஞ்சேருங்கோ, என்ர கதிரைக்குப் பின்னால இருக்கிற இது வந்த நாளில இருந்து சத்தமே போடேல்லை. உங்களை ஏமாத்திப்போட்டாங்கள்."

சொல்லிவிட்டுத்தான் அவளுக்கு உறைத்தது. சட்டென்று மற்றப் பக்கம் திரும்பிக் கூட்டத் தொடங்கினாள்.

தில்லைநாதன் பெட்டியைக் கழற்றினார். உள்ளே பாரத்துக்கு ஒரு சீமெந்துக் கட்டி மட்டும் கிடந்தது. கடையில் அவர் ஆசையாகத் தூக்கிப் பார்த்தது அதைத்தான்.

கடைக்குச் சண்டைக்குப் போகும் காட்சியை அரைவாசி எழுதிக் கிழித்தேன். அவருக்குக் கடையின் நினைப்பே வரவில்லை. அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. அவர் கூப்பிட்டது, சோற்றுக் கோப்பையோடு தனியே புறுபுறுத்தது, ஒருநாள் மகளை நினைத்து விம்மியது, எல்லாம்.

5

அவருக்குக் கோபமான வசனம் ஒன்று எழுதிக் கொடுத்தேன்: "அப்ப இவ்வளவு நாளும் நீ..." சொல்ல மறுத்துவிட்டார். டிவியை நிறுத்தினார். அவள் முதுகைப் பார்த்து, பக்கத்தில் நின்றாலும் கேட்குமோ என்கிற அளவுக்கு மெல்லச் சொன்னார்:

"யதுவைப் பாக்க நாயாற்றுக்கு ஒருக்காப் போட்டு வருவமே?"

தும்புத்தடி நின்றது.

அவள் திரும்புவதாகவும் எழுதினேன், தொடர்ந்து கூட்டுவதாகவும் எழுதினேன். இரண்டையும் நான் நம்பவில்லை. அவள் இடத்தில் நீங்கள் இருந்து பாருங்கள். மூன்று வருடம் காத்திருந்த சொல் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. உங்களுக்குக் கேட்டதா?