பாலும் பிரெட்டும்

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவருக்கு 'அகராதி' என்று பெயர். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார், கேட்காவிட்டாலும் வைத்திருப்பார். கண்ணாடியைக் காதில் மாட்டிச் சரிபார்க்கும்போதே மூட்டுவலிக்கும் வைத்தியம் சொல்லி அனுப்பிவிடுவார்.

வீட்டில் தொந்தி என்றொரு பூனை. எண்ணெய் தடவியதுபோல் உடம்பு மின்னும். "பாலும் பிரெட்டும்தான், வேற ஒண்ணும் கிடையாது" என்று போவோர் வருவோரிடமெல்லாம் பெருமையடிப்பார்.

அவருடைய மச்சினி, மனைவியின் தங்கை, ஒரு பூனைக்குட்டியை எடுத்து வளர்க்கத் தொடங்கினாள். குட்டிகளுக்கான தீனி ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு நேரே அவரிடம்தான் வந்தாள்.

"அத்தான், இது நல்லதான்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "எல்லாம் ஏமாத்து வேலை. திருப்பிக் குடுத்துடு. பாலும் பிரெட்டும் போதும். தொந்தி எந்தப் பாக்கெட்டைத் தின்னு இப்படி வளந்துச்சு?"

மனைவி சமையலறை வாசலில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் இடம் கொடுத்தால்தானே.

சில வாரங்கள் கழித்து மச்சினி போனில் அழுதாள். மூவருமாகக் குட்டியைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள். மேசைமேல் துண்டைப் பிரித்தபோது குட்டி கந்தல் துணிபோலக் கிடந்தது. வால் பக்கமெல்லாம் ஈரம். முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"என்ன குடுக்கறீங்க?" என்றார் டாக்டரம்மா.

"பாலும் பிரெட்டும்" என்றாள் மச்சினி.

"மாட்டுப்பால் இதுங்களுக்குச் செரிக்காதும்மா. அதான் வயித்தால போகுது. பூனைக்குக் கறி, மீன் சத்து கட்டாயம் வேணும். வளர்ற குட்டிக்கு இன்னும் அதிகமா வேணும். குட்டிங்களுக்குன்னே தீனி இருக்கே, அதைக் கொஞ்சம் கொஞ்சமா நாலு வேளை குடுத்தாப் போதும். பால்னு யார் சொன்னது?"

மச்சினி அத்தான் பக்கம் திரும்பவே இல்லை. "நானாத்தான் குடுத்தேன் டாக்டர்."

"ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யக் கூடாதா? இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கைக்குக் கிடைச்சிருக்காது."

அவள் தலைகுனிந்து நின்றாள். 'நான்தான் சொன்னேன்' என்பது அகராதியின் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குமேல் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டார். "அப்ப தொந்தி மட்டும் எப்படி?"

"நீங்க கடைக்குப் போனதும் பூனைத் தீனி போடுவேன். கூட கொஞ்சம் அவிச்ச மீன். ஆரம்பத்துலேர்ந்தே."

"எங்கிட்டச் சொல்லலியே."

"ரெண்டு தடவை சொன்னேன். நீங்க பேசிட்டிருந்தீங்க."

"அவகிட்டயாவது சொல்லிருக்கலாமே."

"உங்க பேச்சை அவ முன்னாடி வெட்ட வேணாம்னு இருந்துட்டேன். என் தங்கச்சிக்காகக்கூட நான் வாயைத் திறக்கல."

மறுநாள் காலை அவர் தனியாக மருத்துவமனைக்குப் போனார். கூடைகளோடும் நாய்களோடும் காத்திருந்தவர்களைத் தாண்டி உள்ளே தலையை நீட்டினார். "டாக்டர், நேத்து அந்தக் குட்டிக்குப் பால் குடுக்கச் சொன்னது நான்தான். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல."

டாக்டரம்மா நிமிரவில்லை. "எந்தக் குட்டி?"

அவர் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. குட்டியின் நிறம், பால், பிரெட், தான் திருப்பிக் கொடுக்கச் சொன்ன பாக்கெட், எல்லாம். பின்னால் பேச்சு நின்றுபோய், அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சரி. இப்ப எப்படி இருக்கு? ஏதாவது சாப்டுச்சா?"

ராத்திரி முழுக்கத் தன் மானத்தைப் பற்றியே புரண்டு புரண்டு யோசித்தவருக்கு, குட்டி எப்படி இருக்கிறது என்று ஒரு போன் செய்யத் தோன்றவில்லை.

"தெரியலிங்க."

"அதை முதல்ல கேளுங்க" என்று அடுத்தவரைக் கூப்பிட்டார் டாக்டரம்மா.

அங்கிருந்து நேரே மச்சினி வீட்டுக்குப் போனார். குட்டி மூலையில் படுத்திருந்தது. கிண்ணத்தில் பாதித் தீனி காலியாகியிருந்தது. அவர் உட்காரவில்லை.

"என்னாலதான்மா. நேத்து அங்கயே சொல்லிருக்கணும்."

"ஆமா அத்தான்," என்றாள். "சொல்லிருக்கணும்." பிறகு உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

குட்டி பிழைத்துக்கொண்டது. ஒடிசலாகத்தான் வளர்ந்தது. மச்சினி முன்போலவே வந்து போகிறாள், சிரித்துப் பேசுகிறாள். ஆனால் எதைப் பற்றியும் அவரிடம் யோசனை கேட்பதில்லை.