ரெட்டைத் தையல்

முத்துசெல்வி வாட்ச் வாங்கப்போகிறாள் என்ற செய்தி எப்படியோ பசுவந்தனைக்குப் போய்விட்டது. மறுநாள் காலையிலேயே அவளுடைய அண்ணன் யோகராஜ் பைக்கை எடுத்துக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்துவிட்டான். பைபாஸ் ஓரத்தில் அவள் கார்களுக்கு சீட் கவர் தைத்துக்கொடுக்கும் கடை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டான்.

"ஏட்டி, ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு வாட்ச்சாம்லா? நெசந்தானா?"

"நெசந்தாண்ணே."

"அது மணியைத் தவிர வேற என்னத்தைக் காட்டும்?"

"மணியைத்தான் காட்டும். மேல ஒரு பெரிய காரு கம்பெனி பேரு போட்டிருக்கும்."

"பேருக்கா இம்புட்டு ரூவா? ஆடு வாங்கி விட்டா குட்டி போடும். வாட்ச் குட்டி போடுமாட்டி?"

"எனக்குக் குட்டி வேண்டாம். வாட்ச்தான் வேணும்."

யோகராஜ் அவள் புருஷனைப் பார்த்தான். இசக்கிராஜா லோடு ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "என்னைப் பாக்காதீய மச்சான். அவ தைச்சுச் சேத்த காசு" என்று சொல்லிவிட்டுத் துடைப்பதைத் தொடர்ந்தான்.

ஏன் அந்தக் கார் பெயர் என்று அண்ணன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். சென்னைக்கு வெளியே ஒரு சீட் கம்பெனியில் ஒன்பது வருஷம் அவள் தைத்தது அந்தக் காரின் முன்சீட்டைத்தான். தோலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரிசை ஓடும் ரெட்டைத் தையல். ஒரு இழை விலகினாலும் சீட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவள் தைத்தது திரும்பி வந்ததே இல்லை. ஒருநாள் முழுசாக முடிந்த கார் ஒன்றைக் கம்பெனி வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். தான் தைத்த சீட்டில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்க்கலாமென்று அவள் கதவில் கை வைத்தாள். சூப்பர்வைசர் ஓடிவந்தார். "தொடாதம்மா, அழுக்காயிரும்." பிறகு ஒரு நாள் அவளோடு சேர்த்து நாற்பது பெண்களுக்கு இனி வேலையில்லை என்று செல்போனில் ஒரு வரி வந்தது.

ஊர் திரும்பிக் கடை போட்டு நாலு வருஷமாகிவிட்டது. சென்ற மாதம் அந்தக் கார் கம்பெனி, ஒரு வாட்ச் கம்பெனியோடு சேர்ந்து விட்ட விளம்பரம் செல்போனில் வந்தது. 'எங்கள் சீட்டின் அதே தையல், இனி உங்கள் மணிக்கட்டில்.' அதைப் பலமுறை பார்த்தாள். அது என் தையல்லா, என்று இசக்கிராஜாவிடம் காட்டினாள்.

அண்ணன் வந்துபோன அந்த வாரமே மதுரைக் கடைக்காரர்கள் கோவில்பட்டியில் ஒரு ஹோட்டல் ஹாலில் இரண்டு நாள் வாட்ச் கண்காட்சி போட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகளுக்காகப் போட்டது. நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, லோடு ஆட்டோவில் இசக்கிராஜாவோடு போய் இறங்கினாள். விற்பனைக்கு நின்ற பையன் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "விலை கம்மியானது அந்தப் பக்கம் இருக்கு மேடம்" என்றான்.

"இந்தப் பக்கம் இருக்கதைத்தான் பாக்க வந்தேன். அந்தக் காரு வாட்ச்சை எடுங்க."

தயங்கி எடுத்தான். பக்கத்தில் நல்லக்கண்ணு அண்ணாச்சியும் அதே வாட்ச்சைக் கையில் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காரே வைத்திருப்பவர். சீட் கிழிந்தால் அவளிடம்தான் வருவார்.

"தம்பி, உள்ள மிஷின் எது?" என்று கேட்டாள்.

"அந்தா, கார் பேரு போடாத வாட்ச் இருக்குல்ல, அதுல உள்ள மிஷின்தான் மேடம். இது டிசைன் வேற. லிமிடெட் எடிஷன்."

"அதுக்கு வெலை பாதிதானே?"

"ஆமா. இதுல கார் பிராண்ட் இருக்கு."

"சரி. பேருக்குத்தான் மீதிக் காசுன்னு தெரிஞ்சுதான் வந்திருக்கேன்."

வாட்ச்சின் தோல் வாரை வெளிச்சத்தில் பிடித்தாள். மேலே இரண்டு வரிசை அழகாக ஓடியது. திருப்பினாள். அடியில் ஒரு தையல்கூட இல்லை. நகத்தால் ஓரத்தை லேசாக நெம்பிப் பார்த்தாள். மேல்தோலில் மட்டும் ஊசி ஓட்டி, அடித்தோலைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

அவளுக்கு வந்தது கோபமா அழுகையா என்று தெரியவில்லை.

"இது தையல் இல்ல தம்பி. பாக்கதுக்கு ஓட்டுன நூலு. நம்ம ஊரு வேர்வைக்கு ஆறு மாசத்துல பசை விட்டுரும். அந்தச் சீட்டுல இப்படித் தைச்சா மறுநாளே வீட்டுக்கு அனுப்பிருவாவ."

பையன் முகம் மாறியது. "வசதிப்படலைன்னா வேண்டாம்னு சொல்லிருங்க மேடம். பொருளைக் குறை சொல்லாதீங்க."

ஹாலில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். முத்துசெல்வி பையிலிருந்த பணத்தை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தாள்.

"காசு இருக்கு, பாத்துக்கிடுங்க. உங்க வார்லதான் தையலு இல்ல. ஒம்போது வருஷம் அந்தச் சீட்டைத் தைச்சவ நான். 'அதே தையல்'னு எழுதியிருக்கீயளே, அதை அழிச்சுருங்க."

நல்லக்கண்ணு அண்ணாச்சி வாரைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "யாரும்மா அடியில திருப்பிப் பாக்கப் போறா? பேரு தெரிஞ்சாப் போதும்லா. எனக்குப் பில் போடு தம்பி" என்றார்.

"நான் பாப்பேன் அண்ணாச்சி. தெனமும் கட்டுதப்ப பாப்பேன்."

பணத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். லோடு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கண்ணீர் வந்தது. ஒரு மாதமாக அந்த வாட்ச்சைக் கையில் கட்டிக்கொண்டே இருந்த மாதிரி இருந்தது அவளுக்கு. இசக்கிராஜா வண்டியை எடுக்காமல் காத்திருந்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ம், எடுங்க" என்றாள்.

சாயங்காலம் யோகராஜ் போன் பண்ணினான். குரலில் சந்தோஷம் தாங்கவில்லை.

"வாங்கலையாம்லா? நல்லவேளை, அண்ணன் பேச்சைக் கேட்டியே."

"உன் பேச்சை எங்க கேட்டேன்? ஒழுங்காத் தைச்சிருந்தா இந்நேரம் என் கையில கெடக்கும். தையலு சரியில்ல, விட்டுட்டேன். நாளைக்கு நல்லதா ஒண்ணு வந்தா வாங்கத்தான் செய்வேன்."

"அப்போ அந்தக் காசு சும்மாதானே கெடக்கு? எட்டயபுரம் சந்தையில ஆடு—"

"அண்ணே, அது எனக்குன்னு வச்சது. எனக்குன்னே கெடக்கட்டும். போனை வச்சிருதேன்."

போனை மேஜையில் போட்டுவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள். யாரோ ஒரு டாக்டருடைய காரின் பின்சீட் பாதியில் நின்றது. நூலை இழுத்துப் பார்த்து, ஊசிக்கடியில் தோலைத் தள்ளினாள்.