மாரீஸ்வரியின் ஐந்தாம் நம்பர் கால்

தாராவியில் இசக்கிதுரையின் செருப்புப் பட்டறைக்கு மாரீஸ்வரியின் கால் மிகவும் வேண்டப்பட்டது. மாரீஸ்வரி அந்த அளவுக்கு இல்லை. அச்சில் வார்த்த மாதிரி ஐந்தாம் நம்பர் கால் அவளுக்கு. நீளத்திலும் அகலத்திலும் நூல் பிசகாது. பெண்களுக்கான செருப்போ ஷூவோ எதுவானாலும் முதல் ஜோடியை அவள் போட்டு நடந்து பார்த்த பிறகுதான் மற்ற அளவுகளை வெட்டுவார்கள். பாக்கி நேரமெல்லாம் அவள் பசை தடவுவாள், நூல் பிசிறு வெட்டுவாள். "யக்கா, காலக் கொஞ்சம் கொண்டாங்க" என்று இசக்கிதுரை கூப்பிடும் தினுசைக் கேட்டால், அவள் காலைக் கழற்றி எங்கோ ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள் என்று நினைக்கத் தோன்றும்.

எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். அன்றைக்கு முழுக்க அவளை யாராவது கூப்பிட்டது அந்த ஒரு தடவையாகத்தான் இருக்கும். புருஷன் போய் நான்கு வருஷம் ஆகிறது. ஒரே மகள் கல்யாணமாகி சூரத்தில் இருக்கிறாள். மான்குர்த்தில் அவள் குடியிருக்கும் அறைப் பூட்டைத் திறந்தால், காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் மாட்டுங்காவிலிருந்து மாலதி என்ற பெண் வந்தாள். வங்கியில் வேலை. லீவு நாளில் கொலாபா பக்கம் பாய்மரப் படகு ஓட்டுவாளாம். அடுத்த மாதம் கொச்சி வரை தன்னந்தனியாகப் போகப்போகிறாளாம். கடையில் விற்கிற பூட்ஸ் எதுவும் அவளுக்குச் சரியாக அமையவில்லை. ஈரப் பலகையில் வழுக்கக் கூடாது, அடி வெள்ளையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படகில் கறை படியும். கம்பளி சாக்ஸ் போட்டாலும் விரல் நீட்ட இடம் வேண்டும், நடக்கும்போது குதிகால் தூக்கக் கூடாது, தவறித் தண்ணீரில் விழுந்தால் உதறிக் கழற்றவும் வர வேண்டும். மாப்பிள்ளைக்குக் கூட இத்தனை நிபந்தனை யாரும் போட்டதில்லை. நல்லவேளையாக அவளுக்கும் ஐந்தாம் நம்பர் கால்.

இசக்கிதுரை இரண்டு ஜோடி தைத்தான். கெண்டைக்கால் வரை ஏறும் பழுப்பு ஜோடி ஒன்று, கணுக்காலோடு நிற்கும் கறுப்பு ஜோடி ஒன்று. வெளியே தோல், உள்ளே தண்ணீர் புகாத லைனிங். மாலதிக்குப் பகலெல்லாம் ஆபீஸ் என்பதால், பன்னிரண்டு நாள் மாரீஸ்வரி அவற்றை மாற்றி மாற்றிப் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் நின்றாள், ஈர டைல்ஸில் நடந்தாள், குந்தி எழுந்தாள்.

கறுப்பு பார்க்கச் சுமார், ஆனால் போட்டதே தெரியவில்லை. பழுப்பு ராஜா மாதிரி இருந்தது. முதல் நாளே குதிகாலைக் கடித்தது.

"தோல்தானக்கா, போடப் போட செட் ஆயிரும்" என்றான் இசக்கிதுரை. தோல் வேலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் எல்லோரும் சொல்வதுதான் அது. அவளும் அதை நம்பினாள். நான்காம் நாள் கேட்டபோது, "ஆயிட்டு வருது தம்பி" என்றாள். பத்தாம் நாள், "ஆயிருச்சு" என்றே சொல்லிவிட்டாள். அவன் அந்தப் பழுப்பு ஜோடியைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தான். அவனுடைய சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. அதோடு, வலிக்கிறது என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்கு அந்தப் பழக்கமே விட்டுப்போகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் மாலதி வந்தாள். பழுப்பைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குள் நாலு நடை நடந்தாள். முகம் மலர்ந்தது.

"சூப்பரா இருக்கு. ஆனா பத்து நிமிஷத்துல எனக்கென்ன தெரியும்? நீங்க சொல்லுங்கோ ஆன்ட்டி. கடல்ல ஆறு நாள் நான் மட்டும்தான். அங்க கடிச்சா யார்ட்ட போய் சொல்றது?"

இசக்கிதுரை அவளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"இது கடிக்கும்மா" என்றாள் மாரீஸ்வரி.

"என்னக்கா இது? செட் ஆயிருச்சுன்னு நீங்கதான சொன்னிய?"

"பொய் சொல்லிட்டேன் தம்பி."

அவள் சாக்ஸைக் கழற்றினாள். குதிகாலில் தோல் உரிந்து, காய்ந்து, மறுபடி உரிந்திருந்தது. இசக்கிதுரை பூட்ஸுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான்.

"தோலு இளகிக் குடுத்துருக்கு, லைனிங் குடுக்கல. அது எங்க குடுக்கும்? பிளாஸ்டிக்குல்லா! எம்புத்தி எங்க போச்சு!"

அவன் திட்டுவான் என்று பயந்திருந்தவளுக்கு உயிர் வந்தது. மாலதி தரையிலேயே உட்கார்ந்து ஒரு நோட்டைத் திறந்தாள். போட்டு எத்தனை மணி நேரத்தில் வலி ஆரம்பிக்கிறது? ஈரமாக இருந்தால் கூடுமா? குந்தினால்? கறுப்பில் அப்படி இல்லையா? ஒன்றொன்றாகக் கேட்டு, சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டாள். மாரீஸ்வரி சொல்லச் சொல்ல ஒருத்தி எழுதுகிறாள்! அவளுக்கு உடம்பே லேசானது. கேள்வி தீர்ந்தது, அவள் பேச்சு தீரவில்லை.

"ஞாயித்துக்கெழம பட்டற கெடையாதும்மா. வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன். ரூமுக்குள்ளயே போட்டுக்கிட்டு நடந்தேன். வலிச்சாலும் கழட்டல. டக்கு டக்குன்னு சத்தம் கேட்டுச்சா, வீட்டுல வேற யாரோ இருக்க மாதிரி இருந்துச்சு. தூங்குற வரைக்கும் நடந்தேன்..."

பேனா நின்றிருந்தது. அதை எந்த வரியில் எழுதுவது என்று மாலதிக்குத் தெரியவில்லை.

மாரீஸ்வரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அது பூட்ஸ் சமாச்சாரம் இல்ல. விடுங்கம்மா."

"கறுப்பையே எடுத்துக்கறேன் ஆன்ட்டி. ரொம்ப தேங்க்ஸ்" என்று மாலதி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். நல்ல பெண்தான். கிங்ஸ் சர்க்கிளில் யாரோ காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

இசக்கிதுரை வெகுநேரம் எதையோ தேடுகிற பாவனையில் இருந்தான். கடைசியில் பழுப்பு ஜோடியைத் துடைத்து ஒரு பையில் போட்டு நீட்டினான்.

"இத இனி விக்க முடியாதுக்கா. நீங்களே வச்சுக்கோங்க. வீட்டுல... நடக்கதுக்கு ஆவும்."

அவன் கண் கலங்கியிருந்தது. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவனைக் குறை சொல்ல முடியாது.

மாரீஸ்வரி பையை வாங்கிக்கொண்டாள். நாளைக்கு மத்தியானம் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்கக்கா என்று ஒரு வார்த்தை சொல்வானோ என்று வாசலில் கொஞ்சம் நின்றாள். அவன் விளக்கை அணைத்து ஷட்டரை இழுத்தான்.